சந்தைக்குப் போகாத காயில் ஒரு சட்டி சூப்

“எங்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனம். தக்காளி, முருங்கை, அவரை, பீட்ரூட், சுரை என்று ஏதாவது ஒன்று எப்போதும் பறிப்பில் இருக்கும். பறிப்பு நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால் பொழுது சாயும்வரை உட்கார நேரமில்லை. ராத்திரிக்குச் சோறும் ரசமும்தான். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ரத்தம் சோதித்து ‘9’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முருங்கைக்கீரை சூப் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பக்கத்தில் சொல்கிறார்கள். கழித்துப் போட்ட காய் தினமும் வீட்டில் கிடக்கிறது. அதையும் வீட்டில் இருக்கும் பருப்பையும் வைத்தே வயிறு நிறைகிற மாதிரி சூப் செய்ய வழி சொல்லுங்கள். பாக்கெட் சூப் வாங்க மனமில்லை.”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒட்டன்சத்திரம் வட்டாரம்.

வாசகியின் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று சூப்பைப் பற்றியது. இன்னொன்று மகளின் ரத்த அளவைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் வைத்தியம் தள்ளிப்போகிறது. எனவே, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்.

12 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஹீமோகுளோபின், டெசிலிட்டருக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். 8-க்கு மேல், 11-க்குக் கீழ் இருந்தால் அது நடுத்தர ரத்தசோகை. 9 என்பது அந்த வரிசையில் வருகிறது. இந்த நிலைமை இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதல்ல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பது தெரியவந்தது. காய்கறி லாரி லாரியாகப் போகிற ஊர்களிலும் இதைக் காணலாம். விளைவிக்கிற வீடு என்பதற்காகச் சாப்பாட்டுத் தட்டில் தானாகக் காய் வந்து விழுந்துவிடுவதில்லை. பறிப்பு, தரம் பிரிப்பு, வண்டி ஏற்றுதல் எல்லாம் முடிந்து அடுப்படிக்கு வரும் நேரத்தில் காய் நறுக்கக் கையில் தெம்பு இருக்காது.

முருங்கைக்கீரை சூப்பால் 9 என்பது 12 ஆகுமா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுப் பொருள் அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து சுமார் 4.5 மில்லிகிராம். ஐந்து பேருக்கான சூப்பில் 100 கிராம் கீரை போட்டால், ஆளுக்கு 1 மில்லிகிராம்கூட முழுதாக வராது. பருப்பு, மற்ற காய்கள் எல்லாம் சேர்ந்தால் 3 முதல் 4 மில்லிகிராம் கிடைக்கும். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மில்லிகிராம். அதாவது, நன்றாகச் செய்த ஒரு வேளை சூப், நாள் தேவையில் பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். ஒரு வேளை உணவுக்கு இது நல்ல கணக்குதான். ஆனால், இறங்கிப்போன அளவை ஏற்றுவதற்கு இது போதாது.

எனவே, மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய், மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவர் சொல்கிற காலம் வரை விடாமல் கொடுக்க வேண்டும். குடற்புழு மாத்திரை தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் மாத்திரை, ரத்தசோகை வராமல் காப்பதற்கானது. 9 இருக்கும் பெண்ணுக்கு அந்த அளவு போதாது. மாத்திரை சாப்பிடும் நாட்களில் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு புரட்டும். இதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்தும் பிள்ளைகள் அதிகம். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான். வயிறு புரட்டினால் மருத்துவரிடம் சொல்லி நேரத்தையோ மாத்திரையையோ மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. மாத்திரையைத் தேநீருடனோ பாலுடனோ கொடுப்பது வீண்.

மாத்திரை ஏற்றிவிடுகிற அளவு, நிறுத்தியபின் மறுபடி இறங்காமல் இருக்க வேண்டுமானால் தினசரிச் சாப்பாடு மாற வேண்டும். சூப்புக்கு வேலை அங்கேதான்.

கழிவுக்காயில் எது ஆகும், எது ஆகாது?

மண்டியில் கழிவு என்று ஒதுக்குவது பார்வைக்காக. வளைந்த சுரைக்காய், ஒட்டுக்காயாக வந்த தக்காளி, எலுமிச்சை அளவுக்கு நின்றுபோன பீட்ரூட், வெயில் பட்டு ஒரு பக்கம் வெளுத்த பரங்கி (கொங்குப் பக்கம் அரசாணிக்காய்), முற்றிப்போன அவரை. இவற்றுக்கு விலை இல்லை, சத்தில் குறை இல்லை. சூப்புக்கு எப்படியும் நறுக்கி, வேகவைத்து, மசிக்கத்தான் போகிறோம். உருவம் யாருக்கு வேண்டும்?

முற்றல் காயைச் சூப்புக்கு நல்ல சரக்கு என்றே சொல்லலாம். முற்றிய அவரையையும் தட்டைப்பயறுக் காயையும் தோல் உரித்தால் உள்ளே இருப்பது பயறு. பருப்பு தீர்ந்துபோன நாளில் அதுவே பருப்புக்கு மாற்று. ஆனால், விதை விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேக வேண்டும், அரைவேக்காடு வயிற்றைக் கெடுக்கும். முற்றிய முருங்கைக்காயைத் துண்டு போட்டு வேகவைத்துக் கரண்டியால் சதையை வழித்தெடுத்தால் சூப்புக்குத் தனி மணம் வரும். கோடையில் முருங்கை விலை பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாட்களில் மரத்திலேயே காய் முற்றிவிடுகிறது. அந்தக் காய்க்கு இதைவிட நல்ல வழி இல்லை. முற்றிய வெண்டைக்காய் மட்டும் உதவாது. நார், நார்தான்.

கிள்ளி எறியும் இலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, சின்ன வெங்காயத் தாள், காலிஃபிளவர் தண்டு எல்லாம் நல்லவை. முட்டைக்கோஸில் மேல் இலைகள் இரண்டு மூன்றைக் கழித்துவிட வேண்டும். மருந்து அதிகம் படுவது அங்கேதான்.

புழு குடைந்த காயில் அந்தப் பகுதியை நன்றாகத் தள்ளி வெட்டிவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம். பூஞ்சணம் பிடித்தது, அழுகி நீர் விட்டது, நாற்றம் வந்தது ஆகியவற்றை முழுதாகக் குப்பைக்குழிக்கு அனுப்ப வேண்டும். அழுகிய பக்கத்தை வெட்டிவிட்டு ‘கொதிக்கும்போது எல்லாம் செத்துவிடும்’ என்று சட்டியில் போடுவது தப்பு. பச்சை பூத்த உருளைக்கிழங்கையும் விட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் மருந்து. ஒவ்வொரு பூச்சிக்கொல்லியின் லேபிளிலும் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய நாட்கள் அச்சிடப்பட்டிருக்கும். மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் அது மாறும். சிலவற்றுக்கு மூன்று நாள், சிலவற்றுக்குப் பத்து நாளுக்கும் மேல். அந்த நாட்கள் கழியாத பாத்தியிலிருந்து வந்த காய் கழிவானாலும் சரி, முதல் தரமானாலும் சரி, சட்டிக்கு ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கல்லுப்பு கலந்து காயைக் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் தோலின் மேல் ஒட்டியிருப்பதில் ஒரு பகுதி போகும். செடிக்குள் ஊடுருவிப் பாயும் மருந்து எந்தத் தண்ணீரில் கழுவினாலும் போகாது. அதற்கு நாட்கணக்கு ஒன்றுதான் வழி. இந்தக் காய் வீட்டுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, அதே பாத்திக் காயைப் பெட்டியில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியும் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படிக்குத்தான் போகிறது.

இதற்கு எளிய ஏற்பாடு, வாய்க்கால் ஓரத்திலோ கிணற்று மேட்டிலோ ஒரு சென்ட் இடத்தை வீட்டுக்கென்று ஒதுக்கிவிடுவது. நாலு தக்காளிச் செடி, ஒரு பந்தல் அவரை, ஒரு பாத்தி சிறுகீரை, ஒரு முருங்கை போதும். அங்கே மருந்துத் தெளிப்பான் போகக் கூடாது. பூச்சி கடித்த மிச்சம் வீட்டுக்கு.

ஐந்து பேருக்கு ஒரு சட்டி

வயிறு நிறைகிற சூப்புக்கு மூன்று சரக்கு வேண்டும்: காய், பருப்பு, கொஞ்சம் தானியம். கடைகளில் தரும் சூப் கெட்டியாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மக்காச்சோள மாவு. பாக்கெட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படித்தால் மாவு, உப்பு, சர்க்கரை என்று வரிசையாக வரும். காய் கடைசியில் பெயருக்கு இருக்கும். வீட்டுச் சூப்பில் அந்த மாவின் வேலையைப் பருப்பும் நொய்யும் செய்துவிடும்.

பாசிப்பருப்பு அல்லது துவரம்பருப்பு 150 கிராம், அரிசி நொய் அல்லது சாமை 50 கிராம் கழுவி எடுத்துக்கொள்ள வேண்டும். காய் எல்லாம் சேர்த்து ஒரு கிலோ. அதில் கால் கிலோ தக்காளி இருந்தால் நல்லது. மீதி முக்கால் கிலோவுக்குப் பரங்கி, சுரை, கேரட், முள்ளங்கி, அவரை என்று அன்றைக்கு எது கிடக்கிறதோ அது. பீட்ரூட்டை மட்டும் கால் கிலோவுக்கு மேல் போட வேண்டாம். சட்டி முழுக்கச் சிவந்து, மண் வாசம் தூக்கலாக நிற்கும். பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பரங்கி இருந்தால் தாராளமாகப் போடலாம். மசிந்தால் வெண்ணெய் போலக் கெட்டியாகும்.

5 லிட்டர் குக்கரில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது கடலெண்ணெய் ஊற்றிச் சீரகம் ஒரு தேக்கரண்டி, உரித்த சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், நசுக்கிய இஞ்சி ஒரு துண்டு போட்டு வதக்க வேண்டும். எண்ணெயே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பரங்கி, கேரட், கீரையில் உள்ள வைட்டமின் ஏ-க்கான சத்து உடம்பில் சேர்வதற்குக் கொஞ்சம் எண்ணெய் இருந்தாக வேண்டும். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் தக்காளி, பிறகு நறுக்கிய காய், மஞ்சள்தூள், பருப்பு, நொய். ஒரு லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றி மூட வேண்டும். முழுத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் பருப்பு பொங்கி விசில் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். நான்கு விசில் போதும்.

ஆவி தானாக அடங்கியதும் திறந்து, பருப்பு மத்தால் பாதி மசியும்படி கடைய வேண்டும். முழுதாகக் கடைந்தால் குழம்பு போல் ஆகிவிடும். பாதிக் காய் துண்டாகவே நிற்கட்டும், மென்று தின்றால்தான் பசி அடங்கும். பல் இல்லாத பெரியவர்களுக்கு மட்டும் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து நன்றாக மசித்துக் கொடுக்கலாம். இனி, அரை லிட்டர் வெந்நீர், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு சேர்த்துக் கொதிக்கவிட்டு, உருவிக் கழுவிய முருங்கைக்கீரை 100 கிராம், அதாவது நான்கு கைப்பிடி, போட்டு மூடாமல் ஐந்து நிமிடம் கொதித்தால் போதும். ஒரு தேக்கரண்டி மிளகும் அரைத் தேக்கரண்டி சீரகமும் இடித்துத் தூவி இறக்க வேண்டும். இறக்கி ஐந்து நிமிடம் ஆறியபின் ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்துவிட வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் குறைந்துவிடும், சாறு கசக்கவும் செய்யும்.

இந்த எலுமிச்சையைப் பெயருக்குச் சேர்ப்பதாக நினைக்க வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சிறு பங்குதான் எடுத்துக்கொள்ளும். புளிப்புப் பழங்களில் உள்ள வைட்டமின் சி அந்தப் பங்கைக் கூட்டும். தேநீரும் காபியும் குறைக்கும். மாலையில் ஆறு மணிக்குத் தேநீர் என்றால் சூப் ஏழு மணிக்கு மேல். சாப்பிட்ட கையோடு ஒரு தேநீர் என்பதும் கூடாது. இதைக் கடைப்பிடிக்காமல் கீரையை மட்டும் இரட்டிப்பாகப் போடுவதில் பெரிய பலன் இல்லை. வீட்டில் பழைய இரும்புச் சட்டி இருந்தால், தக்காளி சேர்ந்த சூப்பை அதில் கொதிக்கவைப்பதும் நல்லது. புளிப்புப் பட்டுச் சட்டியின் இரும்பு கொஞ்சம் உணவில் இறங்கும். நிறம் கறுக்கும், அவ்வளவுதான்.

இப்படிச் செய்தால் சுமார் இரண்டரை லிட்டர் வரும். ஆளுக்கு இரண்டு கிண்ணம். பருப்பிலிருந்து மட்டும் ஆளுக்கு 7 கிராம் புரதம், கிட்டத்தட்ட ஒரு முட்டையில் உள்ள அளவு. காய் ஆளுக்கு 200 கிராம். ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி வேண்டும் என்பது தேசிய உணவூட்ட நிறுவனத்தின் பரிந்துரை. அதில் பாதி ஒரே வேளையில் முடிந்துவிடுகிறது. காய் வேகும்போது தண்ணீரில் இறங்கும் சத்தை வடித்துக் கொட்டுவதும் இல்லை.

பாசிப்பருப்புக்குப் பதில் கொள்ளு போடலாமா என்றால், அது இன்னும் விசேஷம். இரும்புச்சத்து பாசிப்பருப்பைவிட அதிகம். முதல் நாள் இரவே ஊறவைத்து, முடிந்தால் மறுநாள் துணியில் கட்டி முளைவிடவைத்துப் போட்டால், இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையும், சீக்கிரம் வேகும், வாயுத்தொல்லையும் குறையும். விசில் மட்டும் இரண்டு கூடுதலாக வேண்டும். கொள்ளைக் கடைந்து, அந்தத் தண்ணீரில் ரசம் வைக்கிற வீடுகளுக்கு இந்தச் சூப்பின் ருசி புதிதாகத் தோன்றாது. நொய் இல்லாத நாளில் ராகி மாவோ கம்பு மாவோ இரண்டு மேசைக்கரண்டியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கும் சூப்பில் ஊற்றிக் கிளறலாம். சோறு வடிக்கிற வீடென்றால் வடிகஞ்சியே போதும்.

‘சூப் குடித்தால் ஆச்சா, சோறு எங்கே?’ என்று காட்டிலிருந்து வருகிறவர் கேட்பார். நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவர் கேட்பதில் தப்பில்லை. அவருக்கு ஒரு கிண்ணச் சூப்பைச் சோற்றின் மேல் ஊற்றிக் கொடுத்துவிடலாம். குழம்பு தனியாக வைக்கும் வேலையும் மிச்சம்.

பரிமாறும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பருப்பும் காயும் கனமானவை, ஐந்து நிமிடத்தில் அடியில் போய்த் தங்கிவிடும். கரண்டியை மேலாக விட்டு மொண்டால் வருவது தெளிந்த நீர். அடிவரை விட்டுக் கலக்கியே ஒவ்வொரு கிண்ணமும் ஊற்ற வேண்டும். பெரும்பாலான வீடுகளில் சமைத்தவர் கடைசியில்தான் உட்காருகிறார், பெண் பிள்ளையும் அம்மாவுடன்தான் உட்காருகிறது. அதற்குள் சட்டி வழிக்கப்பட்டிருக்கும். இறக்கியதும் மகளுக்கும் தனக்கும் இரண்டிரண்டு கிண்ணம் வேறு பாத்திரத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, பிறகு மற்றவர்களைக் கூப்பிடலாம். கடிதம் எழுதிய வாசகியும் தன் ரத்தத்தை ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

பறிப்பு நாளில் இதெல்லாம் நடக்குமா? முதல் நாள் சாயங்காலமே வெங்காயம், பூண்டு உரித்துவைத்து, பருப்பையும் நொய்யையும் அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டால், மறுநாள் காய் நறுக்குவதோடு கால் மணி நேரத்தில் குக்கர் மூடிவிடலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் விசில் வந்திருக்கும். காய் நறுக்கும் வேலையை வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், சூப்புக்கு நறுக்குவதற்குப் பக்குவம் எதுவும் தேவையில்லை.

மிச்சம் வைக்க வேண்டாம். பருப்பும் காயும் சேர்ந்தது நம் ஊர் வெக்கையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் ஆறியதும் உள்ளே வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம்.

“சூப்புக்கு நறுக்கிய சுரைக்காய் கசந்தது. உப்பு, மிளகு சேர்த்தால் தெரியாது என்று போட்டுவிட்டோம். ஒரு வாய் குடித்ததும் கீழே கொட்டினோம். கசந்தால் ஆபத்தா?”

- வாசகர், தேனி மாவட்டம்.

கொட்டியதுதான் சரி. சுரைக்காயில் கசப்பு வருவது குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருளால். கொதிக்கவைத்தாலும் போகாது, மிளகு போட்டு மறைத்தாலும் போகாது. கசப்புச் சுரைச் சாறு குடித்து வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குதல் என்று மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு, நம் நாட்டில் உயிரிழப்பும் நடந்திருக்கிறது. அதன்பிறகே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து, கசக்கும் சுரைக்காயை உண்ணவே கூடாது என்று எச்சரித்தது. இதற்கு முறிவு மருந்து கிடையாது. குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி தொடங்கினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சூப்பில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. ஒரு காயின் கசப்பு முழுச் சட்டியிலும் கலந்துவிடும். காயை வெட்டியதும் காம்புப் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். இலேசாகக் கசந்தாலும் முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். பீர்க்கு, வெள்ளரி, பரங்கிக்கும் இதே விதி. பாகற்காயின் கசப்பு வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

குப்பைமேட்டில் தானாக முளைத்த கொடியிலும், தண்ணீர் இல்லாமல் வாடிய கொடியிலும் கசப்பு வர வாய்ப்பு அதிகம். காய் கசந்த கொடியை வேரோடு பிடுங்கிவிட வேண்டும். அதிலிருந்து விதை எடுக்கவே கூடாது. பக்கத்துக் கொடிகளின் காய்களையும் சோதித்துவிட்டுச் சந்தைக்கு அனுப்புவது நல்லது.

“முருங்கையைக் கவாத்து செய்யும்போது கீரை மலையாகக் குவிகிறது. காயவைத்துப் பொடியாக்கிச் சூப்பில் போடலாமா?”

- வாசகர், அரவக்குறிச்சி.

போடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.-1 போன்ற செடிமுருங்கை ரகங்களைக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டிவிடுவது வழக்கம். அந்த நேரத்துக் கீரையைப் பெரும்பாலும் ஆடு தின்கிறது, அல்லது வரப்பில் காய்கிறது. கம்பளிப்புழுவுக்கோ காய் ஈக்கோ மருந்தடித்திருந்தால் லேபிளில் சொன்ன நாட்கள் கழிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆட்டுக்கும் ஆகாது.

பழுத்த இலைகளைக் கழித்து, உப்புத் தண்ணீரில் ஒருமுறையும் நல்ல தண்ணீரில் இரண்டு முறையும் அலசி, நீர் வடிந்ததும் காற்றோட்டமுள்ள அறையில் சுத்தமான துணியில் மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வெயிலில் போட்டால் பச்சை நிறமும் வைட்டமின்களும் போகும். தினம் இரண்டு முறை கிளறிவிட்டால் மூன்று, நான்கு நாளில் கையில் கசக்கினால் நொறுங்கும். அப்போது காம்பு நீக்கி அரைத்துச் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைக்கலாம். ஈரம் மீந்திருந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். 100 கிராம் பச்சை இலை காய்ந்தால் 20 முதல் 25 கிராம்தான் நிற்கும். எனவே, மேலே சொன்ன ஐந்து பேர் சூப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடியை, இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பு கொஞ்சம் வெந்நீரில் கரைத்துச் சேர்த்தால் போதும். காய்ந்த இலையில் வைட்டமின் சி பெரும்பகுதி போயிருக்கும், ஆகவே எலுமிச்சையை விடக் கூடாது. பொடியை மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடலாம், அதற்குள் மரம் மறுபடி தழைத்திருக்கும்.